வெளிநாட்டு உறை

பத்திரப் பதிவு அலுவலகத்தின் நகல் பிரிவில் இருபத்தோரு வருடம் உட்கார்ந்தவர் என்பதால் எல்லோரும் அவரை நகல் சார் என்றே கூப்பிட்டார்கள். மூலப் பத்திரத்தைப் பிரதி எடுத்து, 'உண்மை நகல்' என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. அடுத்தவர்களுடைய வீட்டையும் நிலத்தையும் பிரதி எடுத்தே காலத்தை ஓட்டிய மனிதருக்கு நாற்பத்தெட்டாவது வயதில் பறவைகளைப் படம் எடுக்கும் ஆசை வந்தது. ஆசையில் தப்பில்லை, வந்த வழிதான் கொஞ்சம் கோணல். மேலதிகாரியின் மேஜையில் ஒரு நாள்காட்டி இருந்தது. அதில் மீன்கொத்தி படத்துக்குக் கீழே ஒரு பல் டாக்டரின் பெயர் அச்சாகியிருந்தது. மேலதிகாரி அந்தப் பெயரை உச்சரித்தபோது நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டார். நகல் சாரின் கண்ணில் மீன்கொத்தி படவில்லை. பெயர்தான் பட்டது.

பல் டாக்டர் பறவைப் படக் கழகத்தின் தலைவர். உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர். ஞாயிறுதோறும் விடிந்ததும் ஏரிக்கரைக்குப் போவார்கள். தொப்பி, சட்டை, கால்சட்டை, காலணி, தண்ணீர் பாட்டில் வரை எல்லாம் இலை இலையாகப் பச்சை அச்சுப் போட்டவை. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு சின்னக் காடு நடந்து போவதுபோல இருக்கும். காது கொடுத்தால் சந்தை.

வருங்கால வைப்பு நிதியில் கை வைத்து நகல் சார் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ் வாங்கினார். அது வெள்ளை வெளேரென்று இருந்தது. முதல் ஞாயிறு அதைத் தோளில் சாத்திக்கொண்டு அவர் பெருமையாகப் போய் நின்றபோது, தலைவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, வீட்டு ட்யூப்லைட்டைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டீர்களா என்று கேட்டார். மற்ற பதினொரு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கரையிலிருந்த கொக்குகள் எல்லாம் எழுந்து அக்கரைக்குப் போய்விட்டன. பழி மட்டும் வெள்ளை லென்ஸ் மேல் விழுந்தது.

நகல் சாரின் மனைவியைத் தெருவில் தையலக்கா என்பார்கள். வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு மிஷின், ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக், நீளமான வெட்டு மேஜை. பள்ளிச் சீருடை, ஜன்னல் திரை, சோபா உறை என்று எது வந்தாலும் தைப்பார். பள்ளி திறக்க மூன்று வாரமே இருந்த நேரம் அது. இரண்டு பள்ளிக்கூடத்தின் சட்டைத் துணி மேஜையில் மலையாகக் கிடந்தது. அதன் மேல் நகல் சார் லென்ஸைக் கொண்டுவந்து வைத்தார்.

"இதுக்கு ஒரு சட்டை தைக்கணும்" என்றார். "உறை மாதிரி. பறவைக்குத் தெரியாம இருக்கணும்."

தையலக்கா சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார். "பறவைக்குத் தெரியாம இருக்கணுமா, டாக்டருக்குத் தெரியாம இருக்கணுமா?"

நகல் சார் குளிக்கப் போய்விட்டார்.

துணியை அவரே வாங்கி வந்தார். மழைக்கோட்டுத் துணி, பச்சை இலை அச்சு. தையலக்கா லென்ஸைச் சுற்றிச் செய்தித்தாளைச் சுற்றி, ஊசி குத்தி, கைக்குழந்தைக்கு அளவெடுப்பதுபோல அளவெடுத்தார். பார்க்கத்தான் குழாய்போல இருந்தது. தைக்க உட்கார்ந்தால் அதற்கு இடுப்பும் கழுத்தும் இருந்தன. படத்தைக் கிட்டக் கொண்டுவரவும் தெளிவாக்கவும் நடுவில் இருந்த இரண்டு வளையமும் சுற்ற வேண்டும் என்பதால் ஒரே துண்டாகத் தைக்க முடியாது. நான்கு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் எலாஸ்டிக் கொடுத்தார். பொத்தான்கள் இருக்கும் இடத்தில் கண்ணாடி பிளாஸ்டிக்கில் ஒரு ஜன்னல் வைத்தார். முக்காலித் தாங்கியில் மாட்டும் காலுக்கு ஒரு பிளவு விட்டு, அதை மூட வெல்க்ரோ தைத்தார். கீறல் விழாமலிருக்க உள்ளே மெத்தென்ற துணியில் ஒரு லைனிங்.

தைத்து முடித்து மாட்டி, வளையத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். யாரோ காதருகில் பொட்டலம் பிரிப்பதுபோலச் சத்தம் வந்தது. தையலக்கா அதைக் கழற்றிக் கந்தல் மூட்டையில் போட்டார். சோபா உறைக்கு வாங்கியதில் மிஞ்சிய தடித்த பருத்தித் துணியை எடுத்து, இரண்டு தடவை துவைத்து மொடமொடப்பை எடுத்தார். தேயிலைச் சக்கையைக் கொதிக்க வைத்து அதில் முக்கினார். காய்ந்ததும் பஞ்சுத் துண்டால் கறுப்பும் பழுப்புமாகச் சாயத்தை ஒற்றி எடுத்தார். இந்தத் தடவை வளையம் திரும்பியபோது சத்தமே இல்லை.

அடுத்த ஞாயிறு பல் டாக்டர் அந்த உறையைத் தொட்டுப் பார்த்தார். பல்லைத் தட்டிப் பார்க்கும் விரல் அல்லவா, தையலோரமாகவே மெதுவாக ஊர்ந்து போனது. பிறகு தலையை ஆட்டினார்.

"இது நம்ம ஊர் வேலை இல்ல சார். இந்த ஃபினிஷிங் இங்க எவனுக்கும் வராது. எங்கேர்ந்து வரவழைச்சீங்க?"

வீட்டில் தைத்தது என்று சொல்ல நகல் சார் வாயைத் திறந்தது உண்மை. ஆனால் அந்த நொடியில் பதினொரு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி யாரும் அவரை அதுவரை பார்த்ததில்லை. பத்திரம் வாங்க வருகிறவர்கள்கூட முத்திரையைத்தான் பார்ப்பார்கள். வாயிலிருந்து "வெளிநாடு" என்று வந்துவிட்டது. எந்த நாடு என்று கேட்டதற்கு, வருடத்தில் எட்டு மாதம் பனி கொட்டும் ஒரு நாட்டின் பெயரைச் சொன்னார். பள்ளிக்கூடப் பாடத்தில் படித்த பெயர் அது. அங்கே பறவை உண்டா என்பதுகூட அவருக்குத் தெரியாது.

தனக்கும் ஒன்று வரவழைத்துக் கொடுக்கச் சொன்னார் தலைவர். தலைவர் கேட்டதும் மற்றவர்களும் கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சுற்றி வளைத்து விஷயத்தைச் சொன்னபோது தையலக்கா காலர் ஒன்றைத் திருப்பிக்கொண்டிருந்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுக் கேட்டார்.

"நான் தைச்சதுன்னு சொல்ல வாய் வரலையா?"

"சொன்னா மதிக்க மாட்டாங்கம்மா."

"அவங்க மதிக்கறது இருக்கட்டும்" என்றதோடு தையலக்கா நிறுத்திக்கொண்டார். மீதியை நகல் சார்தான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவரோ பசிக்கிறது என்றார்.

அப்புறமும் ஏன் தைத்துக் கொடுத்தார் என்று கேட்டால், அந்த வேலை அவருக்குப் பிடித்துவிட்டது என்பதுதான் காரணம். பதினெட்டு வருடமாக ஒரே காலர், ஒரே கைப்பட்டி. அளவு மாறுமே தவிர வேலை மாறாது. இந்த லென்ஸ்தான் அவரை மேஜை முன் நிறுத்தி யோசிக்க வைத்தது. அதை நகல் சார் கேட்கவுமில்லை, அவராகச் சொல்லவுமில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். எந்த இடத்தில் ஒளிய வேண்டும் என்று தெரியாமல் சாயம் போட முடியாது, ஒரு ஞாயிறு தன்னையும் ஏரிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

கூட்டிப் போனார். வீட்டில் சும்மாதான் இருக்கிறாள், காற்றாட வரட்டுமே என்று கூட்டி வந்தேன் என எல்லோருக்கும் அறிமுகம் செய்து வைத்தார். சீருடைத் துணியை வெட்டி வெட்டிக் கட்டைவிரலில் காய்ப்பு ஏறியிருந்த தையலக்கா, சும்மா இருக்கும் பெண்ணாகக் கரையோரக் கல்லில் உட்கார்ந்தார். தலைவர் அவரிடம் வந்து, உருமறைப்பு என்றால் என்ன, பறவையின் கண் எப்படிப்பட்டது, மனிதன் எப்படி இயற்கையோடு கலந்துவிட வேண்டும் என்பதையெல்லாம் உரத்த குரலில் விளக்கினார். இடையில் அவருடைய செல்போன் புலி உறுமுவதுபோல இரண்டு முறை அடித்தது. ஒருவர் நொறுக்குத்தீனி டப்பாவைத் திறந்து சுற்றுக்கு விட்டார். இன்னொருவர் அடித்துக்கொண்டு வந்திருந்த வாசனைத் தண்ணீர் காற்றுவாக்கில் ஏரி முழுக்கப் பரவியது. விளக்கம் முடிவதற்குள் பார்வைக்கெட்டிய தூரத்தில் ஒரு இறகுகூட மிஞ்சவில்லை. வெயில் சரியில்லை என்றார் தலைவர்.

தையலக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே நாணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே காய்ந்த வைக்கோல் நிறம், நடுவில் சாம்பல், நீரைத் தொடும் இடத்தில் சேற்றுக் கறுப்பு. பச்சை எங்கேயும் இல்லை. அந்த ஏரிக்கரையில் பச்சையாக இருந்தவை பன்னிரண்டே பன்னிரண்டு, அத்தனையும் கழகத்து உறுப்பினர்கள். மூன்று தண்டை ஒடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு தைத்த உறைகள் எல்லாம் அந்த மூன்று நிறத்தில்தான் வந்தன.

ஒரு உறையைத் தைக்க அவருக்கு இரண்டு நாள் போதும். ஆனால் கப்பலில் வர மூன்று வாரம் ஆகும் என்று நகல் சார் சொல்லியிருந்தார். அதனால் மீதிப் பத்தொன்பது நாளும் அது பீரோவுக்குள் கடல் கடந்துகொண்டிருந்தது.

இந்த நேரத்தில் உறையில் கம்பெனி பெயரைக் காணோமே என்று தலைவர் கேட்டுவைத்தார்.  அன்று மாலையே நகல் சார் மனைவியின் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்துத் தேடினார். யாரோ பிரித்துத் தைக்கக் கொடுத்த பழைய வெளிநாட்டு உருப்படியிலிருந்து வெட்டிப் போட்ட ஒரு லேபிள் கிடைத்தது. எழுத்துகளின் தலையில் புள்ளியும் வட்டமுமாக இருந்தது. அதைவிட வெளிநாடாக ஒன்று இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது. தையலக்காவின் தம்பி சீருடைக்கு லேபிள் அச்சடிக்கும் பட்டறை வைத்திருந்தான். அவனிடம் கொண்டு போய், இதேபோல ஐம்பது வேண்டும் என்றார்.

அவன் லேபிளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா மாமா?"

"தெரியாம இருக்கறதுதான் மச்சான் அதோட மதிப்பு."

ஐம்பதும் அச்சாகி வந்தன. பிரதி என்றால் நகல் சாருக்குக் கண் தப்பாது, ஒரு புள்ளி குறையவில்லை என்று சரிபார்த்து வாங்கிக்கொண்டார். தையலக்கா மட்டும் அதைத் தொட மறுத்துவிட்டார். லேபிள் உங்கள் வேலை, நீங்களே தைத்துக்கொள்ளுங்கள் என்று ஊசியையும் நூலையும் எடுத்துக் கொடுத்தார். நகல் சார் விரலில் குத்திக்கொண்டு குத்திக்கொண்டு ஒவ்வொன்றையும் கோணல்மாணலாகத் தைத்தார். அடுத்த ஞாயிறு அந்தக் கோணலையும் தலைவர் கவனித்தார். இதைக் கையாலேயே தைக்கிறார்கள் போலிருக்கிறது, அங்கே கைவேலைக்கு அவ்வளவு மரியாதை என்று வியந்து போனார்.

ஐந்து மாதத்தில் பன்னிரண்டு உறைகள் கப்பலேறி வந்தன. நகல் சார் கழகத்தின் துணைச் செயலாளர் ஆனார். ஒரு கூட்டத்தில் அரை மணி நேரம் பேசினார். வெளிநாட்டில் தையல்காரன் ஒரு கலைஞன், நம் ஊரில் ஒரு பொத்தான் நேராக இருக்காது என்பது பேச்சின் சாரம். முந்தின நாள் மாலை அதைக் கண்ணாடி முன் நின்று நான்கு தடவை சொல்லிப் பார்த்தார். பக்கத்து அறையில் அவருடைய சட்டைக்குத்தான் தையலக்கா பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். நான்கு தடவையும் கேட்டார். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நகல் சார் பேசப் போனார்.

கழகத்தின் ஆண்டுக் கூட்டம் ஒரு ஞாயிறு காலை பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். சிறப்பு விருந்தினராக ஒரு பறவை ஆய்வாளரை அழைத்திருந்தார்கள். முப்பத்தைந்து வயதுப் பெண், வெளுத்துப்போன நீலச் சட்டை. பச்சை உடுப்புக்காரர்களுக்கு அவரைப் பார்த்ததும் கொஞ்சம் ஏமாற்றம். மேடைக்குக் கீழே நீண்ட மேஜையில் பன்னிரண்டு லென்ஸ்களும் உறையோடு வரிசையாக நின்றன.

ஆய்வாளர் படங்களை வேகமாகப் பார்த்து முடித்தார். உறைகள் முன்னால் நின்றுவிட்டார். ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இது இந்த ஏரி நாணலின் நிறமாயிற்றே, கடையில் வாங்கும் உறைகள் எல்லாம் பச்சையாகத்தானே இருக்கும், யார் செய்தது என்று கேட்டார். தலைவர் முன்னால் வந்து, பனி கொட்டும் அந்த நாட்டின் பெயரைச் சொல்லி, எங்கள் துணைச் செயலாளர் வரவழைத்தது என்றார். நகல் சார் அடக்கமாகத் தலை குனிந்தார்.

"அப்படியா? அங்க நான் நாலு வருஷம் படிச்சேன்" என்று சொல்லிக்கொண்டே ஆய்வாளர் உறையின் உள்பக்கத்தைத் திருப்பி லேபிளைப் படித்தார். நெற்றி சுருங்கியது. இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதையும் எடுத்தார். பிறகு சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தோற்றுப்போனார்.

"மன்னிச்சுக்கங்க. இதுல, நாய் மெத்தை உறைன்னு எழுதியிருக்கு. பெரிய நாய், நாப்பது கிலோ வரைக்கும். குளிர்ந்த தண்ணியில தனியா துவைக்கணுமாம்."

ஒவ்வொருவராக மேஜைக்குப் போய்த் தங்கள் உறையைத் திருப்பிப் பார்த்தார்கள், தன்னுடையதில் மட்டும் வேறு ஏதாவது எழுதியிருக்கும் என்று. பல் டாக்டரின் முகம் ஈறு நிறத்துக்கு வந்துவிட்டது.

அந்த இடத்திலாவது நகல் சார் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் எழுந்து நின்று, குரலில் கோபத்தை வரவழைத்துக்கொண்டார்.

"ஏமாத்திட்டான். மட்டமான சரக்கை நம்ம தலையில கட்டிட்டான். நாளைக்கே அந்தக் கம்பெனிக்குப் புகார் எழுதறேன்."

பின்வரிசையில் தையலக்கா எழுந்தார். எழ வேண்டும் என்று அவர் நினைத்து வரவில்லை. எங்கேயோ இருக்கும் ஒரு ஊருக்குத் தன் பெருமை போனதை ஐந்து மாதம் பொறுத்துக்கொண்டவரால், மட்டமான சரக்கு என்ற சொல்லை ஒரு நிமிடம்கூடப் பொறுக்க முடியவில்லை. பேச்சு மட்டும் கடையில் வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல நிதானமாகவே வந்தது.

"யாருக்கும் புகார் எழுத வேணாம். பன்னெண்டும் நான் தைச்சது. லேபிள் மட்டும்தான் அவர் தைச்சது."

எல்லோரும் திரும்பினார்கள். முதலில் சுதாரித்துக்கொண்டவர் தலைவர்தான். தனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது என்றார். ஓரமெல்லாம் சரியில்லை, வெளிநாட்டு வேலை என்றால் இப்படியா இருக்கும் என்றார்.

தையலக்கா நடந்து மேஜைக்கு வந்து, அவருடைய உறையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். "எந்த ஓரம் டாக்டர்? காட்டுங்க, பிரிச்சுத் தைச்சுத் தரேன்."

தலைவர் உறையைத் திருப்பினார், புரட்டினார், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அதில் கோணலாக இருந்தது லேபிள் ஒன்றுதான். கடைசியில், பொதுவாகச் சொன்னேன் என்று சொல்லி உறையைக் கீழே வைத்துவிட்டார். ஆய்வாளர் தையலக்காவை ஓரமாக அழைத்துப் போனார். நாணலின் மூன்று நிறத்தைப் பற்றியும் தேயிலைச் சக்கையைப் பற்றியும் இருவரும் பேசிய பேச்சில், சிறப்புரை அரை மணி நேரம் தாமதமானது.

கழகத்தின் குறிப்பேட்டில், துணைச் செயலாளர் சொந்தக் காரணங்களுக்காக விலகினார் என்று எழுதினார்கள். மூன்று பேர் உறையைத் திருப்பி அனுப்பினார்கள். மற்றவர்கள் லேபிளைப் பிய்த்தெறிந்துவிட்டு உறையை வைத்துக்கொண்டார்கள். யாராவது கேட்டால் வேறொரு நாட்டின் பெயரைச் சொன்னார்கள். தலைவர் மட்டும் மானஸ்தர். உண்மையாகவே வெளிநாட்டிலிருந்து ஒன்று வரவழைத்தார். அது கிளிப்பச்சையாக இருந்தது. காய்ந்த நாணலுக்கு நடுவில் அதைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்தால் அக்கரையிலிருந்தே ஆளை அடையாளம் சொல்லிவிடலாம்.

நகல் சார் இரண்டு வாரம் வீட்டில் யாரோடும் பேசவில்லை. சாப்பிடும்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். மூன்றாவது வாரம் கடை மேஜைக்கு எதிரே வந்து நின்று, எல்லார் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டாம் என்றார்.

"எல்லார் முன்னாடியும்தானே நீங்க மறைச்சீங்க" என்றார் தையலக்கா.

நகல் சாருக்குக் கோபம் வரவில்லை. அந்த ஐந்து மாதம் ஊர் தன்னை மதித்ததெல்லாம் இந்த மேஜையில் நடந்த வேலைக்காக என்பது அவருக்கு எப்போதோ தெரியும். தெரிந்ததை ஒத்துக்கொள்ள முத்திரையும் கையெழுத்தும் கேட்கிற மனசு அது, உடனே வளையவில்லை. ஆனால் குனிந்து, தரையில் கிடந்த துணித் துணுக்குகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டார். பதினெட்டு வருடத்தில் முதல் தடவை.

ஆய்வாளருக்கு முதலில் எட்டு உறைகள் தேவைப்பட்டன. பிறகு, ஆள் உள்ளே உட்கார்ந்து பறவைகளைப் பார்ப்பதற்கான மறைப்புக் கூடாரம் தைக்க முடியுமா என்று கேட்டார். தையலக்கா சீருடை வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். புதன்கிழமைகளில் காலை ஏரிக்குப் போய், எந்த மாதம் நாணல் என்ன நிறத்தில் இருக்கிறது என்று துணித் துண்டுகளில் சாயம் ஒற்றிக் குறித்து வந்தார். வேறு ஊர்களிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். விடுமுறை நாட்களில் நகல் சார் கடையில் உட்கார்ந்து எலாஸ்டிக் வெட்டிக் கொடுத்தார். நேராகவே வெட்டினார் என்று சொல்ல வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மதியம் வெளியூர்க்காரர் ஒருவர் வந்தார். உறையைக் கையில் எடுத்து நான்கு பக்கமும் பார்த்துவிட்டு, முன்னால் இருந்த ஆண் பிள்ளையைப் பார்த்துத்தான் கேட்டார்.

"நல்லா பண்ணியிருக்கீங்க சார். டிசைன் யாரோடது?"

"நாங்க பண்றதுதான்" என்றார் நகல் சார்.

தையலக்கா குனிந்த தலை நிமிராமல் துணியில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "நாங்கன்னா யாரு?"

நகல் சார் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். "அவங்கதான். என் வீட்டம்மா" என்று மெதுவாகச் சொன்னார். வெளியூர்க்காரர் காதைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றார் தையலக்கா. "மிஷின் சத்தத்துல அவருக்குக் கேக்கல."

மிஷின் எதுவும் ஓடவில்லை.